ரோஸி அத்தையின் பியானோவை உடனே எடுத்துச் செல்வது குறித்து

பென்னலூர்,
சனிக்கிழமை காலை.

அன்புக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் பயத்துக்கும் உரிய ரோஸி அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகன் டெனிசன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். அமலாவும் சுகம் என்று எழுதச் சொன்னாள். சொன்ன தொனியில் சுகம் தெரியவில்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கோவையின் குளிர் அதற்கு ஒத்துக்கொள்கிறதா? இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாம். போனில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். எனக்கு வார்த்தை நின்றுவிடும். தாள் நடுவில் பேசாது.

விஷயம் பியானோ.

மகள் வீட்டு லிஃப்டில் அது ஏறாததால் என்னிடம் விட்டுப்போனீர்கள். பியானோ வாசிக்கத் தெரிந்த தம்பி சாம்சன் குன்றத்தூரில் இருக்க, என்னை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அப்போது கேட்டேன். "அவன் தட்டித் தட்டித் தேச்சிடுவான். உனக்குத் தட்டத் தெரியாது" என்றீர்கள். என் வாழ்வில் ஒரு தகுதியின்மைக்காக எனக்குக் கிடைத்த ஒரே நியமனம். அதை நேர்மையாகக் காப்பாற்றினேன். இந்தப் பதினைந்து மாதத்தில் ஒரு விரல்கூட வைக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரே கூடம். ஜன்னல் பக்கம் வெயில் படும், வேண்டாம் என்றீர்கள். சமையலறைச் சுவரில் சூடு, வேண்டாம் என்றீர்கள். குளியலறைச் சுவரில் ஈரம். மிஞ்சியது கட்டில் இருந்த சுவர். கட்டிலைக் கழற்றி நிறுத்தி வைத்தோம். அமலா செல்போன் கம்பெனி லைனில் ஷிப்ட் முழுக்க நின்று வேலை செய்கிறவள். வீட்டுக்கு வந்து தரையில் பாய் விரித்துப் படுத்தாள். முதல் மாதம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெண் ஒன்றும் சொல்லாமல் இருப்பதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இலக்கியம் படித்து வந்த கோளாறு.

பிறகு மழை வந்தது. கட்டைகள் உப்பி, துடைக்கும்போது அழுந்தியவை அழுந்திய இடத்திலேயே நின்றன. ஈரம் ஆகாது என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்து, எங்கள் கம்பெனி ஸ்டோரில் பார்சல் பெட்டிகளோடு வரும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை, எப்படியும் குப்பைக்குப் போகிறவைதானே என்று சூப்பர்வைசரிடம் சொல்லி ஒரு சாக்கு வாங்கி வந்து, பியானோவுக்குள் எங்கெல்லாம் இடம் இருந்ததோ அங்கெல்லாம் அடைத்தேன், கட்டைகள் நிமிர்ந்தன, நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன், சித்திரை பிறந்தது, பொட்டலங்களை எடுக்க மறந்துவிட்டேன், உள்ளே மரம் அப்பளம் மாதிரி காய்ந்து ஒருநாள் டப்பென்று சத்தம் கேட்டது, உங்களுக்குப் போன் செய்தேன், காரணத்தைச் சொல்லவில்லை, சத்தத்தை மட்டும் சொன்னேன். காய்ந்திருக்கும், அடியில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வை என்றீர்கள். வைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஷிப்டுக்குப் போய்விடுகிறோம், தண்ணீரை யார் மாற்றுவது, ஒரு வாரம் கழித்து டெங்கு பார்க்கும் அக்கா டார்ச்சோடு வந்தாள், தொட்டி, டயர், பூந்தொட்டி எல்லாவற்றிலும் தேறிவிட்டோம், கடைசியாகக் கூடத்தில் குனிந்தாள்.

"இன்னாம்மா இது, பீரோவுக்குத் தண்ணி வெச்சிகீறீங்க?"

அமலா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். புழு நெளியும் பாத்திரத்தை அந்த அக்கா தெரு நடுவில் கொண்டுபோய்க் கவிழ்த்து, எதிரே லேடீஸ் ஆஸ்டல் வாசலில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு விழிப்புணர்வு உரை நிகழ்த்தினாள். உதாரணம் நாங்கள்.

பியானோ ஒரு வாத்தியம் அல்ல, அத்தை. அது ஒரு பருவநிலை. நாங்கள் அதற்குள் குடியிருந்தோம்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள்.

பக்கத்து வீட்டுத் திருமலை அண்ணன் கார் கம்பெனியில் சேசிஸ் லைனில் இருக்கிறார். போல்ட் இறுக்குவது அவர் வேலை. எல்லா போல்ட்டும் ஒரே அளவில் இறுகியிருக்க வேண்டும், இறுக்கியதற்கு அடையாளமாக ஒரு மஞ்சள் புள்ளி வைக்க வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனால் லைன் நிற்கும். எனக்கு வந்த காய்ச்சலுக்குக் கசாயம் கொண்டு வந்த மனிதர், திறந்து கிடந்த பியானோவுக்குள் எட்டிப்பார்த்தார். கம்பிகளைச் சுற்றி வைத்திருக்கும் ஆணிகளில் ஒன்றைத் தொட்டார். இன்னொன்றைத் தொட்டார். அவர் முகம் மாறியது.

"இன்னா தம்பி இது, ஒவ்வொண்ணும் ஒரு டைட்ல கீது. இத்த எப்படி பாஸ் பண்ணி அனுப்சானுங்க?"

அவருக்கு உண்மையிலேயே வேதனை. மறுநாள் ஓ.டி.யை விட்டுவிட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சும் பெயிண்ட் பேனாவுமாக வந்தார். நான் தடுத்திருக்க வேண்டும். நியாயமாகத்தான் பட்டது. சமத்துவம் என்ற சொல்லைப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்தவன், எல்லா ஆணியும் சமமாக இறுகுவதை எந்த முகத்தோடு எதிர்ப்பேன்? மாலைக்குள் இருநூற்றுச் சொச்சம் ஆணிகளும் ஒரே அளவு. மூன்று கம்பிகள் அறுந்தன, அதில் ஒன்று காலண்டரில் நவம்பரைக் கிழித்துக்கொண்டு போனது. மற்றபடி எல்லாவற்றின் தலையிலும் மஞ்சள் புள்ளி. பார்க்க அழகாக இருக்கிறது, அத்தை. கடுகுத் தோட்டம் மாதிரி.

சத்தத்தைப் பற்றிச் சாம்சன் உங்களிடம் சொல்லியிருப்பான். சொல்லாவிட்டால் நானே சொல்கிறேன். போன வாரம் வந்தான். இடமிருந்து வலமாக விரலை ஓட்டினான். ஏற வேண்டிய ஓசை ஏறி, இறங்கி, எதையோ மறந்ததுபோல நின்று, திரும்பக் கீழிருந்து கிளம்பியது. "அண்ணா, இது பியானோ இல்ல. கோயம்பேடு" என்றான். சரிசெய்து வைத்தால் மறுநாளே வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொள்வதாகவும், இப்போது இருக்கிற நிலையில் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் அமலா வாய் திறந்தாள். சத்தம் போடவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"கிறிஸ்துமஸுக்குள்ள அது போவணும். இல்லாங்காட்டி நான் அரக்கோணம், எங்கம்மா வூட்டுக்குப் போறேன். எதுன்னு நீயே பாத்துக்க."

பியானோவின் மேல் எதையும் வைக்கக் கூடாது என்றீர்கள். இப்போது அதன்மேல் அமலாவின் பெட்டி இருக்கிறது. துணி அடுக்கிய பெட்டி. எடுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை அவள். விளையாட்டுக்குச் சொல்கிறவளாக இருந்தவள்தான். இந்த வருடத்தில் அது நின்றுபோனது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. மரத்தின் ஈரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே அத்தை, கெஞ்சிக் கேட்கிறேன். வேப்பேரி செல்வநாதன் ஐயாவை உடனே அனுப்புங்கள். பியானோ சுருதி சேர்க்கும் வேலைக்கு அவரைவிட்டால் ஆளில்லை, அவரோ உங்கள் சொல்லுக்குத்தான் இவ்வளவு தூரம் வருவார். தண்டலத்தில் பஸ் இறங்கினால் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். அவர் சரிசெய்யட்டும், சாம்சன் எடுத்துப் போகட்டும், தேய்த்தால் தேய்க்கட்டும். எனக்கு அமலா வேண்டும். இதைவிடச் சுருக்கமாக எழுதத் தெரியவில்லை.

மாமாவுக்கும் மச்சாளுக்கும் எங்கள் வணக்கம். உங்கள் முழங்காலையும் எங்கள் குடும்பத்தையும் கர்த்தர் ஒரே வாரத்தில் நேராக்குவாராக.

கீழ்ப்படிதலுள்ள,
டெனிசன்

பி.கு.: செல்வநாதன் ஐயாவை அனுப்ப வேண்டாம்.

கடிதத்தை ஒட்டப்போகும்போது அமலா ஈரத்துணியோடு பியானோ முன் நின்றாள். அவளுக்கு இன்று வார விடுமுறை. சாம்சனுக்குக் கொடுப்பதானாலும் துடைத்துத்தான் கொடுக்க வேண்டுமாம். துடைத்துக்கொண்டே போனவள் நின்றாள். ஒரு கட்டையைத் திரும்ப அழுத்தினாள். பிறகு தேட ஆரம்பித்தாள். வலது கோடியில் ஒன்று, இடது கோடியில் ஒன்று, நடுவில் இரண்டு, மறுபடி கோடிக்கு ஓட்டம். அரைமணி நேரம் இருக்கும். எனக்கு மெதுவாகப் புரிந்தது. எங்கள் முட்டுச்சந்தில் கம்பெனி பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது பாடுமே, அந்த மெட்டு. முழுசாக. பிசிறில்லாமல்.

நாலாவது தடவை வாசிக்கும்போது எதிர் ஆஸ்டலிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் சாப்பாட்டுப் பை, ஒருத்தி தலையில் துண்டு, ஒருத்தி வாயில் இன்னும் இட்லி. தெருவில் பஸ் இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு ஒருத்தி எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, வண்டி எங்கக்கா?"

"நான்தான்டி வண்டி" என்றாள் அமலா.

பிறகு சிரித்தாள். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, துணியை முகத்தில் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண்களும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இட்லி வாயில் இருந்தவளுக்குப் புரையேறியது.

அவர்கள் போன பிறகு அரக்கோணம் பற்றிக் கேட்டேன். "அங்க இன்னா கீது?" என்றாள். சுருதி சேர்த்த பியானோவில் இதே மெட்டு ஓட்டமே இல்லாமல், பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் கிடைக்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அது உங்க அத்தை பியானோ. இது நான் கண்டுபுடிச்சது. எவனாவது வந்து கைய வெச்சான், அவ்ளோதான்."

அத்தை, மன்னிக்க வேண்டும். சாம்சனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இதை எழுதும்போது உண்மையான பஸ் வந்து, பாடிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தது. ஆஸ்டலிலிருந்து ஒருத்தியும் வெளியே வரவில்லை.