உட்கார விடாத சொல்தா

காரைக்காலில் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிய மனிதர் ஒரே ஒருவர்தான். அதிகாரி வந்தாலும் சரி, அரசியல்வாதி வந்தாலும் சரி, "வாங்க, உக்காருங்க" என்று எதிர் நாற்காலியைக் காட்டுவேனே தவிர, என் இடுப்பு நகராது. மூன்றாங்கிளாஸ் தாண்டாதவன் நான். அம்பகரத்தூரிலிருந்து வெறுங்கையோடு வந்து, கைவண்டியில் சிமென்ட் மூட்டை தள்ளி, கடைசியில் அந்தச் சிமென்டுக்கே முதலாளி ஆனவன். நடக்க வேண்டியதையெல்லாம் வாலிபத்திலேயே நடந்து முடித்தாயிற்று, இனி உட்காருவதுதான் மிச்சம் என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையைக் குழி தோண்டிப் புதைத்தவர் சொல்தா.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஊரில் நாலைந்து பேர் இருந்தாலும், 'சொல்தா' என்று மொட்டையாகச் சொன்னால் அது இவர்தான். ஈட்டிக் கம்பி மாதிரி உடம்பு. பேப்பரைக்கூட நின்றுகொண்டுதான் படிப்பார். மாதா கோவில் பூசையில் எல்லாரும் உட்காரும் நேரத்தில் தூணோடு தூணாக நிற்பார். யாராவது உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவருக்கு மூக்கு விடைக்கும்.

அவர் என் கடைக்குள் நுழைந்ததே ஒரு சாவால்தான். என் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த சவரிமுத்து சொல்தாவுக்கு மச்சான். மதியம் கடையைச் சாத்தி, சாப்பிட்டு, கண்ணயர்ந்துவிட்டு, சாயங்காலம் திறப்பது எங்கள் ஊர் வழக்கம். சவரிமுத்து வீட்டுக்குப் போகமாட்டார். டப்பாவில் கொண்டுவந்த மீன்குழம்புச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே சாய்ந்துகொள்வார். அன்றும் சாய்ந்தார். சாயங்காலம் வந்து ஷட்டரைத் தூக்கினோம். கணக்கர் கலியபெருமாள் அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கையெல்லாம் ஜில்லுன்னு இருக்குதுங்க, குளுருது போலருக்கு" என்று ஃபேனைக் குறைத்து வைத்தார். இரண்டு பேர் பில் கேட்டு வந்தார்கள். அவர் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று மெதுவாகப் பேசினோம். அவர் எங்களையெல்லாம் விட்டுப் போய்ச் சேர்ந்திருந்தார்.

துக்கம் முடிந்த மறுவாரம் சொல்தா கடைக்கு வந்தார். சவரிமுத்துவின் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"மொதலாளி, என் மச்சான இதுதான் முழுங்கிச்சு. அடுத்தது யாரு?"

"நாக்காலி என்னாங்க பண்ணும்? அவரு நேரம் வந்துடுச்சு."

"நேரம் வரல. அவரு ஒக்காந்து ஒக்காந்து அத வரவழைச்சாரு" என்றவர், கலியபெருமாள் பக்கம் விரலை நீட்டினார். "இவருதான் அடுத்தது."

கலியபெருமாள் கையில் இருந்த பக்கோடா அப்படியே நின்றது.

விளையாட்டுப் பேச்சு இல்லை அது. கலியபெருமாள் வரிச்சிக்குடிக்காரர். நல்ல கனத்த சரீரம். சர்க்கரை வேறு. கால் விரலில் ஒரு புண் ஆறுவேனா என்று அடம்பிடித்தது. டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்: "இப்படியே ஒக்காந்திருந்தீங்கன்னா, ஒங்க மக கல்யாணத்த மாலை போட்ட படத்துக்குள்ளேருந்துதான் பாக்கணும்." அந்த மகள் ஒருத்திதான் அவருக்கு. தாயில்லாப் பிள்ளை. அவளைத் தாரை வார்த்துக் கொடுக்கும்வரை தன் காலில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. ஆனால் ஆசைப்பட்டால் மட்டும் கால் நடந்துவிடுமா?

"சம்பளம் வேணாம். எனக்கு பென்ஷன் வருது. ஒங்க ஆளுங்கள எங்கிட்ட வுடுங்க" என்றார் சொல்தா. செத்த வீட்டு மனிதர் கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

முதல் நாள் குடோனில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். "தெபூ!" என்று ஒரு சத்தம். பிரெஞ்சில் எழுந்து நில் என்று அர்த்தமாம். நின்றுகொண்டிருந்தவர்களே பயத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கையைத் தூக்கு, காலைத் தூக்கு, குனி, நிமிர். பெயின்ட் செக்‌ஷன் மல்லிகாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கலியபெருமாள் குனிந்தார், நிமிர வரவில்லை. இரண்டு பேர் பிடித்து நிமிர்த்தினோம். மறுநாள் கடையில் நானும் தராசும்தான் இருந்தோம். மிச்சப் பேரெல்லாம் உடம்புவலி என்று லீவு.

வேறு ஆளாக இருந்தால் அதோடு போயிருப்பார். சொல்தா ஒரு நாள் முழுக்கக் கடை வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் என்னிடம் வந்து, "புத்தி சொன்னா ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான் மொதலாளி. எதுக்கு ஆசப்படுறானோ அத எட்டத்துல கொண்டுபோயி வெக்கணும்" என்றார்.

வைத்தார். தண்ணீர்ப் பானை மொட்டை மாடிக்குப் போயிற்று. செல்போன் சார்ஜர் எல்லாம் குடோனுக்குப் போயிற்று. சவரிமுத்துவின் நாற்காலியை அவரே தலையில் சுமந்து எங்கேயோ கொண்டுபோனார். என் மேஜையில் இருந்த அழைப்பு மணியின் வயரைக்கூட அறுத்துவிட்டார். 'டிங்' என்று அடித்தால் நாலு பேர் ஓடிவருவார்களே, நான் வாழ்க்கையில் சம்பாதித்த சத்தம் அது!

"யாருங்க இத அறுத்தது?"

"நான்தான். ஆளு வேணும்னா எந்திரிச்சுப் போயிக் கூப்புடுங்க."

"நான் மொதலாளிங்க!"

"அதனாலதான். நீங்க எந்திரிக்காத கடையில எவன் எந்திரிப்பான்?"

கடைசியாகக் கை வைத்தது டீயில். கடைக்கு வந்துகொண்டிருந்த டீ நின்றது. டீ வேண்டுமானால் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற ரோட்டில் இருக்கும் டீக்கடைக்கு நடந்து போக வேண்டும். அங்கே போடும் பருப்பு வடைக்காக நம் ஊர்க்காரன் கல்லறையிலிருந்துகூட எழுந்து வருவான். சொல்தா கணக்குப் போட்டுத்தான் அந்தக் கடையைப் பிடித்தார்.

கலியபெருமாள் முதல் நாள், நாங்கள் சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டியில் ஏறி டீக்கடைக்கு வந்து இறங்கினார். உலகத்திலேயே குட்டியானையில் வாக்கிங் வந்த ஆள் அவர்தான். சொல்தா கோபித்துக்கொள்வார் என்று பார்த்தோம். இல்லை. மறுநாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னிக்கி பக்கத்து மெடிக்கல் வரைக்கும்தான் நடக்கணும். அதத் தாண்டி ஒரு அடி வெச்சீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றார்.

கொஞ்ச நாள் மெடிக்கல். அப்புறம் ஜவுளிக்கடை. அப்புறம் ஆலமரம். ஆலமரத்தடியில் நின்றால் வடை வாசனை வரும். அங்கே நிறுத்திவைத்தார் பாருங்கள், அதுதான் ராணுவ மூளை.

"சொல்தா ஐயா, இன்னங் கொஞ்சம் தூரந்தானே... போயிடுறேனே?"

"கூடாது. திரும்புங்க."

வாரம் முழுக்கக் கெஞ்சவிட்டுத்தான் அனுமதி கொடுத்தார். அழாத குறையாக நடக்க அனுமதி கேட்ட மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

கலியபெருமாள் முழுத் தூரமும் நடக்கப்போகிற நாள் என்று கடையே கூடப் புறப்பட்டது. ஐப்பசி மாதம், வானம் மூட்டம் போட்டிருந்தது. எல்லார் கையிலும் கறுப்புக் குடை. உடம்பில் வெள்ளைச் சட்டை. அழுக்கு பட்டால் தெரியட்டும் என்று நான் கொண்டுவந்த சீருடை. பேசினால் மூச்சு வாங்கும் என்று சொல்தா வாயைத் திறக்கக்கூடாது என்றிருந்தார். இரண்டிரண்டு பேராக, தலை குனிந்து, மெதுவாக, கல்லறை ரோட்டில். முன்னால் தோளில் துண்டோடு நான்.

நகைக்கடைக்காரர் முதலில் பார்த்தார். பிரேதம் போகும்போது கடையைப் பாதி சாத்துவது எங்கள் ஊர் மரியாதை. சர்ரென்று பாதி ஷட்டரை இறக்கினார். அதைப் பார்த்து ஜவுளிக்கடை. அதைப் பார்த்து மெடிக்கல். தெருவே பாதிக்கண் மூடியது. பஸ் ஓரங்கட்டி நின்றது. சைக்கிளிலிருந்து இறங்கி ஒருவர் கும்பிட்டார். பெட்டி பின்னால் வருகிறது என்று நினைத்துவிட்டார்கள்! கலியபெருமாள் கடைசி வரிசையில் மூச்சிரைத்து, கண்ணில் தண்ணீர் வழிய வந்தார். பூக்காரம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"அழுவாதீங்க ஐயா. எல்லாருக்கும் உள்ளதுதான. யாரு, சொந்தமா?"

கலியபெருமாள் முன்னால் கையைக் காட்டினார். "வடை..." என்றார்.

அதற்குள் யாரோ என் வீட்டுக்குப் போன் போட்டு, கடையில் சாவாம் என்று சொல்லியிருக்கிறார்கள். என் போன் குடோனில் சார்ஜில் கிடக்கிறது. மணி அடித்து அடித்து ஓய்ந்ததும், என் சம்சாரம் வீட்டில் ஒப்பாரியையே ஆரம்பித்துவிட்டாள். அத்தனைக்கும் சொல்தா அசையவில்லை. "நல்லதுதான். செத்தவன்னு நெனச்ச ஆளு நடக்குறத ஊரு பாக்கட்டும்" என்று, நின்றுகொண்டே டீயைக் குடித்தார்.

அதற்கப்புறம் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. டீ நேரம் வந்தால் கால் தானாக எழுந்தது. புண் ஆறியது. தை பிறந்ததும் கலியபெருமாள் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. முகூர்த்தத்திலிருந்து கடைசிப் பந்தி வரை மனிதர் உட்காரவே இல்லை. மண்டபத்தின் கோடியில், கையில் தட்டோடு நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்த சொல்தாவை மகளிடம் காட்டி, "அவருதாம்மா என்ன இங்க நிறுத்துனாரு" என்றார்.

கடவுளுக்கு வேடிக்கை பார்க்க வேறு ஆள் கிடைக்கவில்லை. அந்தச் சித்திரையில், காலையில் எழுந்து காலை ஊன்றிய சொல்தா அப்படியே சரிந்தார். ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நாற்காலியைக் கண்டால் ஆகாத மனிதரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளினார்கள். நாங்கள் கடையோடு போய்ப் பார்த்தோம். அவர் கட்டிலைச் சுற்றி ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். வாய் கோணியது. ரொம்ப நேரம் முயன்று ஒரு சொல் வந்தது.

"தெ...பூ."

எல்லாரும் எழுந்தோம். நானும்தான்.

அவர் போன அன்று மாதா கோவிலிலிருந்து கல்லறைக்கு, பெட்டி வண்டிக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தோம். அதே ரோடு, அதே வெள்ளைச் சட்டை, இரண்டிரண்டு பேராக. ஒரு ஷட்டரும் இறங்கவில்லை. நகைக்கடைக்காரர் கையை ஆட்டி, "என்னா மொதலாளி, இன்னிக்கி சீக்கிரமே கெளம்பிட்டீங்க?" என்று சிரித்தார். டீக்கடைக்காரர் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே கிளாசுகளை வரிசையாக வைத்து டீ ஊற்றிவிட்டார். ஓரத்தில் பழைய பழக்கத்தில் சர்க்கரை போடாமல் ஒன்று, அது சொல்தாவுக்கு. பெட்டியைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த வடிகட்டி கீழே விழுந்தது. எங்களுக்குப் பின்னால் தெருவில் ஒவ்வொன்றாக ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. கல்லறை வாசலில் தலைமாட்டுப் பக்கம் பெட்டியைத் தோளில் வாங்கி இறக்கியது கலியபெருமாள். கால் நடுங்கவில்லை.

எல்லாரும் மண் போட்டுவிட்டுப் போனார்கள். நான் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தேன். பக்கத்திலேயே ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது. என் கடைச் சிமென்ட்தான், இன்றைக்கும் ஒரு விரிசல் கிடையாது. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் நின்றுகொண்டேதான் இருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவருக்குப் பிடிக்காது.