ஒரு நாளைக்கு ஒரு படம்

வேகமாகச் செய்யவேண்டிய வேலையை வேண்டுமென்றே மெதுவாகச் செய்தவன் நான். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், காதல். (ஒருதலைக் காதல் என்று என் மனைவி திருத்துகிறாள்.)

அப்போது காரைக்குடியில் இணையதளம் செய்து கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். கோட்டையூரில் பலகாரம் செய்து வெளியூர்களுக்கு அனுப்பும் சொக்கலிங்கம் ஐயா கூப்பிட்டனுப்பினார். அவருடைய கடைத் தளம் திறப்பதற்குள் வாடிக்கையாளர்களுக்குப் பசியே போய்விடுகிறதாம். ஆர்டர்களைக் கவனித்துக்கொண்டது அவர் மகள் மெய்யம்மை.

"இது திறக்கிறதுக்குள்ள ஒரு ஈடு தேன்குழல் சுட்டு எடுத்துரலாம். என்னன்னு பாக்குறீகளா?" என்றாள். 'அண்ணே' என்று சேர்க்கவில்லை. அந்த ஒரு சொல் விட்டுப்போனதை வைத்தே நான் மனதுக்குள் கல்யாணப் பந்தல் போட ஆரம்பித்துவிட்டேன்.

கோளாறு என்னவென்று பார்த்ததுமே தெரிந்தது. முகப்பில், மாவுருண்டைக்கும் சீப்புச் சீடைக்கும் மேலே, முப்பத்தெட்டுப் பங்காளிகளின் படங்கள், மூத்தவர் தொடங்கி வயது வரிசையில். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்று அறிந்த குடும்பம், இணையதளத்தில் மட்டும் விடுமா? எல்லாமே கேமராவில் எடுத்தபடி அப்படியே ஏற்றிய பிரம்மாண்டமான படங்கள். அளவைச் சுருக்கி மறுபடி ஏற்றினால் போதும். மொத்தமும் ஒரு மதியத்து வேலை.

ஒரு மதியத்தில் முடித்துவிட்டால் மறுநாள் எந்தச் சாக்கில் அந்த வீட்டுக்குப் போவது?

"ரொம்ப நுணுக்கமான வேலைங்கய்யா. ஒரு நாளைக்கு ஒரு படம்தான் முடியும்," என்றேன்.

"அவசரமில்ல தம்பி, நிதானமாவே செய்யுங்க," என்றார் அந்த அப்பாவி மனிதர்.

பன்னிரண்டு நாட்கள் போனேன். மெய்யம்மை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று திரையைப் பார்ப்பாள். நான் ஒரு படத்தைத் திறந்து, நெற்றியைச் சுருக்கி, பெருமூச்சு விட்டு, அறுவை சிகிச்சை செய்பவன்போல மவுசை நகர்த்துவேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் எந்த வேலையும் பார்த்ததில்லை. இதை மனைவி படித்தாலும் பரவாயில்லை.

இதில் ஒரு புத்திசாலித்தனம் வேறு. ஐயாவைக் குளிர்விக்க முதல் நாளே அவர் படத்தைச் சுருக்கினேன். வரிசையில் அவர் பதினேழாவது ஆள். அடுத்து, அவருக்கு இளையவர்களில் பதினொரு பேர். மூத்தவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்று விட்டுவைத்தேன்.

பதின்மூன்றாம் நாள் நான் நுழையும்போது ஐயா கையில் போன் அலறிக்கொண்டிருந்தது. மலேசியாவிலிருந்து அவருடைய மூத்த அண்ணன்.

"ஏன்டா சொக்கு, உன் மூஞ்சி பளிச்சுனு வருது. உனக்கு இளையவனுககூட வந்துட்டானுக. என் இடத்துல ஒரு வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது. என்னையத் தள்ளி வச்சுட்டீகளா? குலதெய்வப் படைப்புக்கு நான் வரணுமா வேணாமா, அதையாச்சும் சொல்லிப்புடு!"

ஐயாவுக்கு வியர்த்துவிட்டது. அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடிப் போனை வைத்தவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒரு படத்துக்கு நெசமாவே ஒரு நாள் ஆகுமா?"

நான் வாயைத் திறந்தேன். பதில் மெய்யம்மையிடமிருந்து வந்தது.

"ரெண்டு நிமிசம் ஆகும், அப்பச்சி."

என் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். மூத்தவரில் தொடங்கி, மீதி இருபத்தாறு படங்களையும் ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கி ஏற்றிவிட்டாள். எல்லாம் நான் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. தளம் கண் இமைப்பதற்குள் திறந்தது. நான் தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது, வழியனுப்ப வந்தவளிடம் மெல்லக் கேட்டேன்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"மூணாவது நாளே," என்றாள். சிரிக்கவில்லை.

அடுத்த வருஷமே அவளுக்குக் கல்யாணமாகி, சிங்கப்பூர் போய்விட்டாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் எந்த வேலையைத் தள்ளிப்போட்டாலும், "சத்தம் போடாதீங்கடா, அப்பா பங்காளி படம் சுருக்குறாக," என்று மனைவி பிள்ளைகளிடம் சொல்வாள். அவர்கள் உருண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மூன்றாம் நாளே தெரிந்தவள், அதற்கப்புறம் ஒன்பது நாள் ஏன் காபி கொண்டுவந்தாள் என்று மட்டும் அவர்கள் யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு வாசலில் நான் கேட்டிருக்க வேண்டும். பஸ் வருகிற சத்தம் கேட்டது, ஓடிப்போய் ஏறிவிட்டேன்.