மாசானம் வாங்குன கிழியாத பை

ஒரு காட்டுல, அதுவும் கரண்டு கனெக்‌ஷன் வந்துட்ட காட்டுல, மாசானம்னு ஒரு குரங்கு இருந்தான். கம்பம் ஏறுறதுதான் வேலை. லைன்மேன். ஆனா காண்ட்ராக்ட் லைன்மேன். பெர்மனன்ட்டுக்கும் காண்ட்ராக்டுக்கும் என்ன வித்தியாசம்னா, ஷாக் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் அடிக்கும். லீவு மட்டும் ஒருத்தருக்குத்தான் கிடைக்கும்.

மாசானம் சாமான எல்லாம் கன்னத்துலதான் வச்சுக்குவான். குரங்குக்குத்தான் ரெண்டு கன்னமும் பை மாதிரி உப்புமே. இடது கன்னத்துல ஸ்க்ரூ, ஃபியூஸ் வயரு, டேப்பு. வலது கன்னத்துல டெஸ்டரு. கட்டிங் பிளேயர் பல்லுக்கு நடுவுல. இப்படி ஆறு வருஷம்.

இதனால காட்டுல அவனுக்கு நல்ல பேரு. மிளா மான் வீட்டுல ஃபேன் ஓடலன்னு அரை மணி நேரம் திட்டும். இவன் "ம்ம்" அப்படிம்பான். வேற சொல்ல வாயில இடம் கிடையாது. "எதுத்து ஒரு வார்த்தை பேசுவானா? தங்கமான பய"ன்னு மிளா ஊரெல்லாம் சொல்லும். அசிஸ்டன்ட் இன்ஜினியர், அதான் ஏ.இ., ஒரு கரடி. தப்புத்தப்பா ஆர்டர் போடுவாரு. அதுக்கும் "ம்ம்". மேல ஏறிப் போயி சரியானத செஞ்சுட்டு இறங்குவான். தான் சொன்னதுதான் நடந்துச்சுன்னு ஏ.இ.க்கு பெருமை.

அப்பதான் ஒரே ஒரு பெர்மனன்ட் போஸ்ட் வந்துச்சு. மாசானம் ஓடிப்போயி ஃபார்ம் வாங்குனான். கிளார்க் உடும்பு ஒரு கேள்விய பிடிச்சா விடமாட்டாரு.

"பதினாலாவது கட்டம் பாரு. கருவிகள் வைக்கும் பை, உண்டா இல்லையா?"

மாசானம் கன்னத்தத் தட்டிக் காட்டுனான்.

"கன்னத்துக்கு எல்லாம் கட்டம் இல்லப்பா. பைக்குத்தான் கட்டம்."

"ம்ம்ம்?"

"புதன்கிழமை ஏ.இ. நேர்ல வந்து பாப்பாரு. இடுப்புல பை இல்லன்னா இன்னொரு ஆறு வருஷம் காண்ட்ராக்ட்தான். அடுத்தவன் வா!"

பின்னாடி யாருமே இல்ல. ஆனாலும் உடும்பு அப்படித்தான் கூப்பிடுவாரு.

நேரா சுடலி அக்கா கடைக்குப் போனான். சுடலி அக்கா முள்ளம்பன்னி. பைக்கடை வச்சிருக்கு. முள்ளம்பன்னி எதுக்குப் பைக்கடை வைக்குதுன்னு கேக்காதீங்க, அங்கதான் விஷயமே இருக்கு.

"அக்கா, இடுப்புல கட்டுற பை வேணும். தினமும் வேலைக்குக் கட்டணும். கிழியக் கூடாது." சாமான எல்லாம் கழட்டி மேஜைல வச்சிட்டுத்தான் இத சொல்ல முடிஞ்சுது.

"மிலிட்டரி மாடல் காட்டவா? பதினெட்டு ஜிப்பு."

"எதுல எத வச்சேன்னு எப்படிக்கா ஞாபகம் இருக்கும்?"

"ஒரு நோட்டுல எழுதி வச்சுக்க."

"நோட்ட எங்க வைக்க?"

"பத்தொம்பது ஜிப்பு மாடலும் இருக்கு."

"அக்கா, நான் கம்பத்துல தொங்கிக்கிட்டு இருப்பேன். ஒரு கை கம்பத்துல. இன்னொரு கையிலதான் எல்லாம். நான் ஒவ்வொரு ஜிப்பாத் தொறந்து தேடிக்கிட்டு இருந்தா, கரண்டு என்னைத் தேடி வந்துரும்."

"விவரமாத்தான் கேக்க. இந்தா, இத பாரு. பச்சக் கலரு, பாக்க கமாண்டோ மாதிரி."

"கிழியாதா?"

"டெஸ்ட் பண்ணிப் பாத்துரலாம்"னு சுடலி அக்கா பைய தரையில போட்டு, அதுமேல சாவகாசமா ஒரு உருளு உருண்டுச்சு. எந்திரிச்சப்போ பை டீ வடிகட்டி மாதிரி இருந்துச்சு.

"இது ஆபீஸ் போறவங்களுக்கு"ன்னு ஓரமா வச்சுது.

அடுத்த பை உருளலுக்குத் தாங்குச்சு. ஆனா ஸ்ட்ராப் ஒல்லி. சாமான வச்சுக் கட்டுனதும் இடுப்ப அறுத்துது. அதுக்கடுத்த பைக்கு ஸ்ட்ராப் அகலம்தான், பக்கிள் தொறக்க ரெண்டு கையும் ஒரு பல்லும் தேவைப்பட்டுச்சு. அதுக்கடுத்தது ஓடைல முக்குனதும் சாயம் போயி, ஓடையே கொஞ்ச நேரம் மிலிட்டரில சேர்ந்த மாதிரி ஓடுச்சு.

சாயங்காலம் ஆறு மணிக்கு அலமாரிக்கு அடியில இருந்து ஒண்ணு எடுத்துச்சு அக்கா. கறுப்பு. தடித்த துணி. அகலமான பெல்ட்டு. ஒரு தட்டு தட்டுனா பக்கிள் விடும், ஒரு அழுத்து அழுத்துனா பிடிச்சுக்கும். பெருசா ரெண்டு அறை, ரெண்டுக்கும் சேத்து ஒரே ஜிப்பு, வெளியில டெஸ்டர் சொருக ஒரு பட்டை. ஏறும்போது முதுகுப் பக்கம் தள்ளிக்கலாம், வேலை செய்யும்போது முன்னாடி இழுத்துக்கலாம்.

அக்கா உருண்டுச்சு. டொக்னு ரெண்டு சத்தம்.

"பை கிழிஞ்சுதாக்கா?"

"என் முள்ளு ரெண்டு ஒடிஞ்சுதுல. பைல கீறல் இல்ல பாரு." அக்கா குரல்ல வலியும் இருந்துச்சு, வியாபாரமும் இருந்துச்சு. "எடுத்துட்டுப் போ. பத்து வருஷம் காரண்டி. என் முதுகுக்குத்தான் காரண்டி இல்ல."

புதன்கிழமை. ஏழாம் நம்பர் கம்பத்தடி. கரடி ஏ.இ. வந்தாரு, பக்கத்துல உடும்பு பேடும் பேனாவுமா. மிளா சும்மா வேடிக்கை பாக்க வந்துச்சு.

மாசானம் பையக் கட்டிக்கிட்டு ஏறுனான் பாருங்க, அப்படி ஒரு ஏத்தம். டெஸ்டர்னு நினைச்சா டெஸ்டர் கைல இருக்கு. டேப்புன்னு நினைச்சா டேப்பு. கீழ ஏ.இ. தலையாட்டுறாரு. பெர்மனன்ட் கிடைச்ச மாதிரிதான்.

ஏ.இ. சும்மா இருந்திருக்கலாம். அண்ணாந்து கத்துனாரு. "ஏல, அந்தச் செவப்பு வயரையும் கறுப்பு வயரையும் ஒண்ணாச் சேத்து முறுக்கு!"

ஆறு வருஷத்துல மொத தடவையா மாசானத்துக்கு வேலை நேரத்துல வாய் காலி.

"அப்படி முறுக்குனா காடே அடுப்பாயிரும் சார்."

ஏ.இ. காத நோண்டிக்கிட்டாரு. "என்னல சொன்ன?"

அதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா ஆறு வருஷமா டெஸ்டருக்குப் பின்னாடி க்யூல நின்ன பேச்சு. வரிசையா வந்துச்சு. "போன மாசம் நீங்க சொன்ன மாதிரி செஞ்சிருந்தா ட்ரான்ஸ்ஃபார்மர் சொர்க்கத்துக்குப் போயிருக்கும் சார். நாந்தான் மாத்திப் போட்டேன். மிளாக்கா, உங்க ஃபேன் ஓடாததுக்கு நான் காரணம் இல்ல, கொம்ப மாட்டி மாட்டி றெக்கைய ஒடிச்சது உங்க வீட்டுக்காரரு. உடும்பு சார், உங்க க்யூல ஆறு வருஷமா ஆளே கிடையாது, யாரத்தான் அடுத்து வரச் சொல்றீங்க? அப்புறம் ஏ.இ. சார், உங்க குகையில தேன் வைக்கிற ஃப்ரிட்ஜுக்கு மீட்டரே இல்ல. இதோ, இந்தக் கம்பத்துல இருந்துதான் கொக்கி போட்டிருக்கு. கைல பிடிச்சுக் காட்டவா?"

உடும்பு பேனாவ மூடிட்டாரு.

மாசானம் இறங்குனான். பாதிக் கம்பத்துலயே புரிஞ்சுபோச்சு. கால் தரைல பட்டப்போ பெர்மனன்ட் ரொம்ப தூரம் போயிருந்துச்சு.

ஏ.இ. அவன் இடுப்பையே பாத்தாரு. "இது என்ன பை?"

பையப் பத்திப் பேசியாவது பொழைச்சுக்கலாம்னு மாசானம் பிடிச்சுக்கிட்டான். "அருமையான பை சார். எவ்வளவு சுமை வச்சாலும் தாங்கும்."

"எழுதிக்கோய்யா"ன்னாரு ஏ.இ. உடும்பு எழுதுனாரு.

"மழை வெயில் பாக்காது சார். முள்ளுமேல போட்டுப் பெரட்டுனாலும் அப்படியே கிடக்கும்."

"ம். அப்புறம்?"

"நாம தொறந்தா தொறக்கும், மூடுனா மூடிக்கும்."

"உள்ள இருக்குறது வெளிய வருமா?"

"வரவே வராது சார். பத்து வருஷத்துக்குக் காரண்டி."

ஏ.இ. முகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு. அந்த மாதிரி ஒரு ஊழியருக்காக அவரு சர்வீஸ் முழுக்கக் காத்திருந்த மாதிரி. "ஆர்டர் டைப் பண்ணுங்க. பெர்மனன்ட் லைன்மேன், பை."

"யாரு சார்?"ன்னான் மாசானம்.

"பை."

உடும்பு ஃபார்ம விடல. "படிப்பு?"

"இல்லன்னு போடு."

"அனுபவம்?"

"மூணு நாள்."

"கையெழுத்து?"

"ஜிப்ப ஒருதடவ இழுத்து வை, போதும்."

"அப்ப நான் சார்?"

"நீ எங்கய்யா போற? பை சார் தானா கம்பம் ஏறுவாரா? நீதான் தூக்கிட்டு ஏறணும். காண்ட்ராக்ட்லயே இரு."

இன்னிக்கும் அந்தக் காட்டுல கரண்டு போனா ஆபீஸுக்குப் போன் வரும். "பை சார் இருக்காங்களா? கூட ஒரு குரங்கு வருமே, அது வராட்டியும் பரவால்ல"ன்னு மிளா கேக்கும். பை சார் சனி ஞாயிறு வர்றதில்ல. ஆபீஸ்ல ஆணியில தொங்கிக்கிட்டு சம்பளத்தோட லீவுல இருப்பாரு. அடுத்த மாசம் ப்ரமோஷனாம்.

நீதி: இடுப்புல கட்டுறது எதுவா இருந்தாலும் நம்மள விட ஒரு சுத்து மட்டமாவே பாத்து வாங்குங்க.