பரிசீலனையில் இருந்த மின்விசிறி

இந்தக் கதையில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், இதை எழுதும் என் தலைக்கு மேலே உள்ள மின்விசிறி கழன்று என்மேலேயே விழட்டும். சத்தியம் செய்தாயிற்று. இனி யாரும் குறுக்கே பேசக் கூடாது.

குறைதீர்ப்புப் பிரிவின் கண்காணிப்பாளருக்கு ஒரு குறை இருந்தது. அவரிடம் யாரும் குறை சொல்ல வருவதில்லை.

பிரிவு இருந்தது நான்காம் மாடியில். லிஃப்ட் ஓடாது. லிஃப்ட் ஓடவில்லை என்று புகார் கொடுக்க வேண்டிய இடமும் அதே நான்காம் மாடிதான். தப்பித் தவறி ஏறி வந்தவர்களும் மூச்சு வாங்கி, தண்ணீர் வாங்கிக் குடித்து, வந்த காரியத்தை மறந்து இறங்கிப் போனார்கள்.

இந்த நேரம் பார்த்து, இந்தப் பிரிவு தேவையா, மூடிவிடலாமா என்று ஆராய்ந்து சொல்ல ஒரு பேராசிரியை வருவதாகத் தகவல் வந்தது. பொது நிர்வாகத்தில் கரை கண்டவராம். மூடிவிட்டால் கண்காணிப்பாளருக்கு எல்லையோரக் கிளைதான். அங்கே மாற்றலாகிப் போனவர்கள் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை.

"நாளைக்கு ஒரு ஆளாவது புகாரோட வரணும். இல்லேன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்று வீட்டில் புலம்பினார்.

சோபாவில் படுத்திருந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "என்னைப் பார்க்காதீங்க அத்தான். நாலு மாடி ஏற முடிஞ்சா நான் ஏன் வேலைக்குப் போகாம இருக்கேன்?"

"நான் வரேங்க" என்றாள் மனைவி, கேட்பதற்கு முன்பே.

"மனசுல இருக்கற எதையாவது சொல்லு. ஆனா நான் யாருன்னே தெரியாத மாதிரி இருக்கணும்."

"அது பழக்கம்தான். நீங்க பேப்பர் படிக்கறப்போ அப்படித்தானே இருக்கோம்."

மறுநாள் பேராசிரியை வந்து மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மெல்லிய கண்ணாடி, சிரிக்காத முகம். சற்று நேரத்தில் மனைவி வந்தாள்.

"வாங்கம்மா, உட்காருங்க. என்ன குறை?" என்றார் கண்காணிப்பாளர், தேன் தடவிய குரலில். வீட்டில் அந்தக் குரலைக் கேட்டறியாத மனைவி ஒரு கணம் தடுமாறிப்போனாள்.

"ஒரு அதிகாரி மேல புகார் சார்."

"எந்தத் துறை?"

"உங்க துறைதான். போன கோடையில ஒரு மின்விசிறி வாங்கினார். இன்னும் கட்டிலுக்கு அடியில பெட்டியிலேயே கிடக்கு. எப்போ கேட்டாலும் 'பரிசீலனையில் இருக்கு'ங்கறார்."

கண்காணிப்பாளருக்கு வியர்த்தது. "இது குடும்ப விஷயம் மாதிரி தெரியுதேம்மா."

"குடும்பத்துல யாராவது பரிசீலனைன்னு பேசுவாங்களா சார்?"

பேராசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல கேள்வி. அரசாங்க பாஷையில பதில் சொன்னா அது அரசாங்கத் தாமதம்தான். அந்த அதிகாரிக்கு இப்பவே போன் போடுங்க. நீங்க எப்படி விசாரிக்கறீங்கன்னு நான் பார்க்கணும்."

வேறு வழியில்லை. மேசை போனில் தன் எண்ணையே சுழற்றினார். அவர் சட்டைப் பையே பாட ஆரம்பித்தது.

"ஒரு நிமிஷம், மேலிடத்துலேர்ந்து கூப்பிடறாங்க" என்று வராந்தாவுக்கு ஓடினார். அங்கே நின்று தன்னையே நன்றாகத் திட்டினார். உள்ளே கேட்கும்படியாக. திரும்பி வந்து, "அந்த ஆள்கிட்டேயும் பேசிட்டேன். ரொம்ப வருத்தப்பட்டார். மாட்டறதுக்கு ஏறி நிக்க ஒண்ணும் இல்லையாம்" என்றார்.

"ஏணி இருக்கே சார்" என்றாள் மனைவி.

"அதுல ஒரு படி உடைஞ்சிருக்கே."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏணின்னா ஏதாவது ஒரு படி உடைஞ்சுதான் இருக்கும் மேடம். அனுபவம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். பேச்சை எப்படியாவது முடித்துவிட வேண்டும். "இதெல்லாம் நேர்ல ஆய்வு செய்ய வேண்டிய விஷயம். தேதி குறிச்சுச் சொல்றோம்மா."

எந்த அலுவலகத்திலும் அந்த வாக்கியத்துக்குப் பிறகு எவரும் திரும்பி வந்ததில்லை. ஆனால் பேராசிரியை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எதுக்குத் தேதி? வாங்க, இப்பவே போகலாம்."

போனார்கள். தன் வீட்டுக்கு வழி தெரியாதவராக நடிப்பது எவ்வளவு சிரமம் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. தெருமுனையில் மளிகைக் கடைக்காரரிடம் முகவரிச் சீட்டை நீட்டி, "இந்த வீடு எங்கே இருக்கு?" என்று விசாரித்தார். கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாருக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்று மனைவியிடம் கேட்டார்.

வாசலில் எதிர்வீட்டு அம்மாள். "என்ன, இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டீங்க?"

"ஆய்வுக்கு வந்திருக்கேன்" என்றார் கம்பீரமாக. அந்த அம்மாள் உள்ளே போய் மற்றவர்களையும் அழைத்து வந்தாள்.

கட்டிலுக்கு அடியில் பெட்டி இருந்தது. "சம்பந்தப்பட்டவர் வீட்ல இல்ல. அதனால நடவடிக்கை ஒத்தி..." என்று ஆரம்பித்தார்.

"அவர் செய்யத் தவறினா, துறையே செஞ்சு முடிக்கலாமே" என்றார் பேராசிரியை. "பிரிவு உயிரோட இருக்கறதுக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேணுமா?"

எல்லையோரக் கிளை அவர் கண் முன்னே வந்து நின்றது. சட்டைக் கையை மடக்கினார். மின்சாரத்தை நிறுத்தினார். சுவிட்சுப் பலகை எந்தக் கதவுக்குப் பின்னால் என்று கேட்கவும் மறந்துபோனார். உடைந்த படியைப் பார்க்காமலே தாண்டி ஏறினார். ஜன்னலில் எதிர்வீட்டுக் கூட்டம். மேலே கொக்கி, கையில் திருகாணி, வாயில் இன்னொரு திருகாணி. ஒருவழியாக மாட்டி முடித்து இறங்கி, சுவிட்சைப் போட்டார்.

மின்விசிறி கொஞ்சம் யோசித்தது. பிறகு சுற்றியது. மனைவியின் நெற்றி முடி பறந்தது. அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகிவிட்டது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பிரிவை மூடக் கூடாதுன்னு எழுதப்போறேன்" என்றார் பேராசிரியை. "வீடு தேடி வந்து குறை தீர்க்கற அதிகாரியை நான் எங்கேயும் பார்த்ததில்ல."

காற்று வந்ததும் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த மச்சான் எழுந்து வந்தான். மின்விசிறியைப் பார்த்தான். பிறகு பேராசிரியையிடம் கேட்டான்:

"முடிஞ்சுதா அக்கா? ஒத்திகையில போன் அடிக்கற இடத்துலயே அத்தான் ஒத்துக்குவார்னுதானே சொன்னீங்க. ஹாஸ்டல்ல எங்க அக்காவோட ஒரே ரூம்ல இருந்தவங்க, இவ்வளவு இழுப்பீங்கன்னு நான் நினைக்கல."

பிரிவு மூடப்படவில்லை. அடுத்த வாரமே நான்கு மாடிப் படிகளிலும் வரிசை நின்றது. எல்லாரும் பெண்கள், ஆளுக்கொரு மின்விசிறிப் பெட்டி. முதலில் நின்றவர் எதிர்வீட்டு அம்மாள்.

ஆரம்பத்தில் செய்த சத்தியத்தில் ஒரு விவரம் விட்டுப்போயிற்று. நான் இதை மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.