கோந்து எழுந்து நின்ற நாள்

கட்டிலுக்கு அருகே விழுந்த சாக்ஸை எடுக்கக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். மேலே வரவும் முடியவில்லை, கீழே போகவும் முடியவில்லை. தரையையும் அந்தச் சாக்ஸையும் பார்த்துக்கொண்டு, யாரையோ விழுந்து கும்பிடப் போய்ப் பாதியில் மனம் மாறியவர் மாதிரி நின்றார்.

"அப்படியே கட்டிலுக்கு அடியில என் சிவப்புப் பேனா கிடக்குதான்னு பாருங்க" என்றாள் மனைவி, கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே.

"பார்க்க முடியாது."

"ஏன், இருட்டா இருக்கா?"

"இருட்டெல்லாம் இல்ல. பிடிச்சுக்கிச்சு."

அவள் சீப்போடு வந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பழைய மேசையை விலை பேச வந்தவள் மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"எங்க வலிக்குது?"

"இடது இடுப்புல ஆரம்பிக்குது. பின்தொடை வழியா இறங்குது. முழங்காலுக்குப் பின்னாடி லேசா மேற்கே திரும்பி, குதிகால்ல போய் முடியுது."

தொழில் புத்தி விடாது அல்லவா. நில அளவை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடங்களாகப் பழைய காகித வரைபடங்களைக் கணினித் திரையில் கோடு கோடாகப் படியெடுப்பவர் அவர். வரப்பு, ஓடை, ஒற்றையடிப் பாதை எதையும் விட்டதில்லை. சொந்த வலியையும் ஓர் ஓடையாகத்தான் அவருக்குச் சொல்ல வந்தது.

"அது நரம்பு" என்றாள் அவள். "நாள் முழுக்க அது மேலேயே உட்கார்ந்திருந்தா, அதுவும் எத்தனை நாளைக்குத்தான் பொறுக்கும்? டாக்டரைப் பாருங்க."

"இருபத்திரண்டு வருஷத்துல உடம்பு சரியில்லைன்னு ஒரு நாள் லீவு போட்டிருப்பேனா?"

"போட்டிருந்தா இன்னிக்குச் சாக்ஸைக் கையில எடுத்திருப்பீங்க."

அவள் பள்ளிக்கூட ஆசிரியை. தினமும் ஆறு மணி நேரம் நின்றே பாடம் நடத்துகிறவள். உட்கார்ந்து உட்கார்ந்து ஒருவருக்கு உடம்பு வலிக்கிறது என்றால் அவளுக்கு இரக்கம் வருவதற்கு முன்னால் பொறாமைதான் வந்தது. இருந்தாலும் தோளைப் பிடித்து அவரை மெல்ல நிமிர்த்தினாள். சாக்ஸையும் அவளே மாட்டிவிட்டாள். பேனா கிடைக்கவில்லை.

அலுவலகத்தில் அவருக்குக் கோந்து என்று பெயர். காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் ஒட்டினால் மாலை ஆறு மணிக்குத்தான் பிரிவார். முதுகுக்குப் பின்னால் வைத்த பட்டப்பெயர்தான். ஆனால் காதில் விழுந்த நாள் முதல் அவர் அதை ஒரு விருது மாதிரியே வைத்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் போய், என்னால் உட்கார முடியவில்லை என்று யாரிடம் சொல்வது? மீனுக்கு நீச்சல் மறந்த கதையாகிவிடாதா?

டாக்டரிடம் போகாமலே சரிசெய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தார். மருந்துக் கடையில் விசாரித்ததில், நடுவில் ஓட்டை போட்ட வட்ட மெத்தை ஒன்றைக் கொடுத்தார்கள். அதை நாற்காலியில் போட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் சொர்க்கம்.

பக்கத்து மேசை அம்மாள் மெத்தையைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரொம்ப நாளா இருக்கா சார்?" என்று கேட்டார்.

"என்னது?"

"வெட்கப்படாதீங்க. என் மச்சானுக்கும் இருந்துச்சு. காரத்தைக் குறைங்க, தண்ணி நிறையக் குடிங்க."

"அம்மா, அது இல்லம்மா இது. இது முதுகு."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் அந்த அம்மாள், மிகுந்த கனிவோடு.

மத்தியானம் அவர் கை கழுவிவிட்டு வந்தபோது மேசைமேல் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. எல்லோரும் மும்முரமாக வேலை பார்த்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளாதவர் போல, கையிலிருந்த வேலைக்குத் திரும்பினார். அசல் காகித வரைபடத்தை அந்த அலுவலகத்தில் மூலம் என்பார்கள். அவர் படியெடுக்க வேண்டியது மேசையில் இல்லை. இருபத்திரண்டு வருடங்களாக எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்; பழக்கதோஷத்தில் அன்றும் எழுந்து, உரக்கவே கேட்டுவிட்டார்.

"என் மூலம் எங்க? காலையில இருந்து தொந்தரவா இருக்கு."

அறையில் ஒரு விசைப்பலகைகூடத் தட்டப்படவில்லை. பிறகு கடைசி வரிசையில் யாரோ இருமினார்கள். இருமலா சிரிப்பா என்று கண்டுபிடிக்க அவர் விரும்பவில்லை. அன்று மாலை வட்ட மெத்தை வீட்டுக்கு வந்து, சின்ன மகளுக்கு மிதவை வளையமாகக் குளியல் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. இனிமேல் இடுப்புக்குக் கீழே இருக்கும் எந்த உறுப்பைப் பற்றியும் அலுவலகத்தில் வாயைத் திறப்பதில்லை என்று அவர் உறுதி எடுத்துக்கொண்டார்.

உட்கார்ந்தால்தானே வலி? நின்றே வேலை பார்த்தால் என்ன?

மறுநாள் நான்கு அட்டைப்பெட்டிகளை மேசைமேல் அடுக்கி, அதன்மேல் கணினித் திரையை ஏற்றினார். நின்றுகொண்டு கோடு இழுத்தார். நரம்பு கொஞ்சம் அடங்கியது. ஆனால் நின்றவுடன்தான் ஒன்று தெரிந்தது: அங்கிருந்து பார்த்தால் தடுப்புகளுக்கு மேலாக எல்லோருடைய திரையும் கண்ணில் பட்டது. ஒருவர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். ஒருவர் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசை அம்மாள் ஓர் ஓடையைப் பாதி வரைந்துவிட்டு, மீதி நேரத்தில் மருமகளுக்கு நீளமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் வேண்டுமென்று பார்க்கவில்லை. கண் இருக்கிறது, திரை இருக்கிறது, என்ன செய்வது? ஆனால் பதினொரு மணிக்குள் சீட்டுக்கட்டு மறைந்தது, வாடகை வீடு மறைந்தது, மருமகளும் மறைந்தாள். தேநீர் இயந்திரத்தின் பக்கம் அவர் போனால் பேச்சு நின்றது.

"டைரக்டர்தான் நிக்க வச்சிருக்காராமே உங்களை?" என்று கேட்டார் பதிவறைக்காரர். பழைய வரைபடங்களை அலமாரியில் காப்பவர். மனதில் பட்டதை ஒளிக்கத் தெரியாதவர்.

"யாரும் நிக்க வைக்கல. நானாத்தான் நிக்கறேன்."

"யார் என்ன எழுதறாங்கன்னு பார்த்துச் சொல்றதுக்குன்னு பேசிக்கறாங்க."

சாயங்காலமே அட்டைப்பெட்டிகள் கீழே இறங்கின. கோந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. வலி, ஒரு நாள் விடுமுறையில் போய் நன்றாக ஓய்வெடுத்துத் திரும்பியது போலப் புதுத் தெம்போடு வந்தது.

அந்த வாரம் பார்த்துத்தான் இயக்குநரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வேலை தேங்கியிருப்பதால் மதிய இடைவேளை ஒரு மணி நேரத்திலிருந்து அரை மணி நேரமாகக் குறைக்கப்படுகிறது. வெள்ளிக்கிழமை பொதுக்கூட்டத்தில் இது அறிவிக்கப்படும். அலுவலகமே முணுமுணுத்தது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவர் கட்டடத்தைச் சுற்றி நான்கு முறை நடந்து, காலை உதறி, நரம்பைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். அதுவும் போனால் சாயங்காலம் அவரை நாற்காலியோடு சேர்த்துத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

இருக்கிறவரை பயன்படுத்திக்கொள்வோம் என்று அன்று மதியம் பதிவறையின் கடைசி அலமாரிக்குப் பின்னால் போய்ப் படுத்தார். மல்லாந்து படுத்து இடது முழங்காலை மார்போடு அணைத்துப் பிடித்து முப்பது எண்ண வேண்டும் என்று மனைவி சொல்லிக் கொடுத்திருந்தாள். இருபத்தாறில் பிடித்துக்கொண்டது. முழங்காலைக் கட்டிப்பிடித்தபடி, விட்டத்தைப் பார்த்துக் கிடந்தார்.

பதிவறைக்காரரின் முகம் விட்டத்துக்குக் குறுக்கே வந்தது.

"என்ன சார், தரையில?"

அவர் யோசித்தார். இடுப்பு என்று சொன்னால் வாழைப்பழம் வரும். தூக்கம் என்று சொன்னால் வேலை போகும்.

பதிவறைக்காரரே வழி காட்டினார். "அந்தச் சுற்றறிக்கைக்காகவா சார்? போராட்டமா?"

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

பதிவறைக்காரரின் கண் கலங்கிவிட்டது. "நாங்க உங்களை ஒற்றன்னு நினைச்சோம் சார்" என்று சொல்லி, அவரைத் தூக்கி நிறுத்தினார். அன்று மூன்று மணிக்கெல்லாம் செய்தி எல்லா மேசைகளுக்கும் போய்விட்டது. சீட்டு விளையாடுகிறவர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்து மேசை அம்மாள், "மனசுல இவ்வளவு வச்சுக்கிட்டுத்தான் அந்த மாதிரி ஆயிருக்கு உங்களுக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை கூட்டம். கூடத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இரும்புச் சட்டம், பலகை இருக்கை. மனித உடம்பைப் பார்த்தே இராத யாரோ செய்த நாற்காலி. ஊழியர்கள் முப்பத்து மூன்று பேர். எதிரே மேசைக்குப் பின்னால் இயக்குநர் உட்கார்ந்து, தேங்கிய வேலைகளின் பட்டியலை வாசிக்கத் தொடங்கினார். முதல் ஒரு மணி நேரம் கோந்து இடது பக்கமாகச் சாய்ந்தார், வலது பக்கமாகச் சாய்ந்தார், ஒரு காலை நீட்டினார், மடக்கினார். ஒன்றரை மணி நேரத்தில் நெற்றியில் வியர்த்தது. ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆகவே, மதிய இடைவேளை" என்றார்.

அந்த நொடியில் இடுப்பிலிருந்து குதிகால் வரை மின்னல் ஒன்று ஓடியது. தன்னை அறியாமல் கோந்து எழுந்து நின்றார்.

நாற்காலி பின்னால் விழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிடலாம் என்று அவர் உண்மையாகவே முயன்றார். முட்டி மடங்க மறுத்தது.

பதிவறைக்காரர் எழுந்தார். பக்கத்து மேசை அம்மாள் எழுந்தார். சீட்டு விளையாடுகிறவர் எழுந்தார். பிறகு ஒவ்வொரு வரிசையாக நாற்காலிகள் கிறீச்சிட, கூடம் முழுவதும் எழுந்து நின்றது. சிலர் கண்களை மூடிப் பெருமூச்சு விட்டார்கள். அவ்வளவு உணர்ச்சி.

இயக்குநரின் முகம் வெளுத்துப்போனது. மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவரும் மெல்ல எழுந்தார். "சரி. பழையபடியே ஒரு மணி நேரம் இருக்கட்டும். கூட்டம் முடிஞ்சது" என்றார். குரல் நடுங்கியது. யாரையும் பார்க்காமல், பக்கத்துக் கதவு வழியாக வெளியே போய்விட்டார்.

கைதட்டல் ஓயச் சில நிமிடங்கள் ஆயின. அந்தச் சந்தோஷத்தில் அங்கேயே அவரை ஊழியர் சங்கச் செயலாளராக்கிவிட்டார்கள். சங்கம் என்றால் கூட்டம். கூட்டம் என்றால் அதே மடக்கு நாற்காலி. அடுத்த வாரத்தில் மட்டும் ஐந்து கூட்டங்கள். ஐந்திலும் செயலாளர் நடுவில் உட்கார வேண்டும் என்று எல்லோரும் அன்போடு வற்புறுத்தினார்கள்.

ஐந்தாவது கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தவர், காலணியைக் கழற்றாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் மனைவியிடம். "அன்னிக்கு நான் நியாயத்துக்காக எழுந்திருக்கல. வலி தாங்காம எழுந்துட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"கோபம் வந்தா நீங்க தூங்கத்தானே போவீங்க? எந்தக் காலத்துல எழுந்து நின்னிருக்கீங்க?"

சனிக்கிழமை காலை, மேற்கொண்டு பேச்சுக்கு இடம் கொடுக்காமல், இயன்முறை சிகிச்சை நிலையம் ஒன்றுக்கு அவரை அழைத்துப் போனாள். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார் அவர். ஒரு தலைவன் இந்த மாதிரி இடத்தில் யார் கண்ணிலாவது பட்டால் என்ன ஆகும்? முப்பத்திரண்டு பேர் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள்.

வரிசையில் நிற்கும்போது நினைத்துக்கொண்டார்: தான் எழுந்தது பொய்யாகவே இருக்கட்டும். அவர்கள் எழுந்தது பொய்யில்லையே. ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், தன்னை நம்பி முப்பத்திரண்டு பேர் எழுந்து நின்றார்களே. இந்தச் சப்பைக் கோந்துக்காக. நெஞ்சை நிமிர்த்தினார். இடுப்பு ஒரு குத்துக் குத்தியதும் பழைய நிலைக்கே திரும்பினார்.

பதிவேட்டுக்கு முன்னால் இருந்த பெண் தலையைத் தூக்காமல் பெயர், வயது எல்லாம் எழுதிக்கொண்டாள்.

"எங்க வேலை பார்க்கறீங்க?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிறபடி அலுவலகத்தின் பெயரைச் சொன்னார்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதன்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அந்த ஆபீஸா, அங்க நீங்க ஒருத்தர்தான் சார் வராம பாக்கி, மத்த முப்பத்திரண்டு பேருக்கும் இங்கதான் இடுப்புக்கு வைத்தியம், உங்க டைரக்டர்கூட இப்ப உள்ள குப்புறப் படுத்திருக்கார், அன்னிக்கு மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் முதல்ல எழுந்திருக்கலைன்னா வலியில அந்தக் கூட்டத்திலேயே அழுதிருப்பேன்னு தினமும் சொல்லுவார்."