தலையை ஆட்டாதீங்க

"நான் கேட்டது உங்களை இல்லம்மா, அவரை" என்றார் டாக்டர் வீணா, ஆம்ப்ரோஸின் மனைவியிடம் மூன்றாவது தடவையாக.

ஆம்ப்ரோஸ் தலையாட்டினார். பெங்களூரு பொம்மசந்திரா ஃபேக்டரியில், பிரஸ் மெஷின் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. தலையாட்டினால் வேலை நடந்துவிடும். விவேக் நகர் வீட்டில் அவர் பங்குப் பேச்சையும் மனைவி சாந்தகுமாரியே பேசிவிடுவாள்.

டாக்டர் விளக்கினார். மூளையில் பேச்சுக்கான இடத்தை ஒட்டிக் கட்டி. மண்டையோட்டைத் திறந்த பிறகு ஆம்ப்ரோஸை எழுப்பிவிடுவார்கள். மூளைக்கு வலி தெரியாது. ஆனால் அவர் விடாமல் பேச வேண்டும், அதுவும் வீட்டில் பேசுகிற மொழியில். எங்கே தொட்டால் பேச்சு தடுமாறுகிறதோ அந்த இடத்தை வெட்டமாட்டார்கள். தெரியாமல் வெட்டினால் பேச்சே போய்விடும்.

"இன்னொண்ணு. தலையை கிளாம்ப்ல பூட்டியிருப்போம். ஆட்ட முடியாது."

ஆம்ப்ரோஸுக்கு அப்போதுதான் பயம் வந்தது.

ஒரு வாரம் வீட்டில் பயிற்சி. சாந்தகுமாரி கேள்வி கேட்டாள். பதில் வரத் தாமதமானதும் தானே சொல்லிக்கொண்டாள். வாரக் கடைசியில் அவள் பேச்சுதான் இன்னும் தேறியிருந்தது.

ஆபரேஷன் தியேட்டரில் அவரை எழுப்பி, படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். குடை. பூட்டு. ஆம்ப்ரோஸ் விரலால் ஜாடை காட்டினார். நர்ஸ் விரலைப் பிடித்துக்கொண்டாள். புருவத்தை உயர்த்தினார். பேச்சு போய்விட்டது என்று யாரோ பதற, டாக்டர் கத்தியை நிறுத்தினார். பேச்சுப் பயிற்சியாளர் ரகு எங்கே என்று அவர் கேட்டது காதில் விழுந்தது.

சற்று நேரத்தில், பச்சைத் துணிக்குப் பின்னாலிருந்து, காதோரம் ஒரு குரல்.

"என்ன ஆம்ப்ரோஸ், வாய்க்கும் பூட்டா?"

"இல்ல."

"சாந்தா கேட்டா என்ன சொல்லுவ?"

"அவளே சொல்லிடுவா."

குரல் சிரித்தது. கல்யாணத்தன்று சம்மதமா என்று பாதர் கேட்டதற்கும் ஆம்ப்ரோஸ் தலையாட்டியதை நினைவூட்டியது. ரகுவுக்கு இது எப்படித் தெரியும்? சாந்தகுமாரி சொல்லியிருப்பாள், அவள் யாரிடம்தான் சொல்லவில்லை? ஆம்ப்ரோஸ் ஒரு வார்த்தை சொன்னால் குரல் பத்து சொன்னது. போகப் போக அவருக்குக் களைப்பாக இருந்தது.

"நீ தூங்கு" என்றது குரல், பிரியமாக. "மீதியை நான் பேசிக்கறேன்."

"சரி" என்றார் ஆம்ப்ரோஸ்.

மறுநாள் வார்டில் அவர் பேச்சு ஓயவில்லை. இட்லி, ஃபேன் சத்தம், பக்கத்துக் கட்டில்காரரின் மருமகன் என்று ஒன்றையும் விடவில்லை. சாந்தகுமாரி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

தியேட்டர் நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"சிஸ்டர், ரகு சாரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க. அவர் பேச்சுக் கொடுக்கலைன்னா நான் ஊமையாகியிருப்பேன்."

நர்ஸ் விழித்தாள். "அவர் சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு வரவே இல்லையே சார். நீங்கதானே ரெண்டு குரல்ல மாத்தி மாத்திப் பேசினீங்க? அதுல ஒண்ணு 'சரி'ன்னு சொல்லிச்சு. அப்புறம் அது பேசவே இல்ல."