கீழூர் ரத்தம், மேலூர் ரத்தம்

கீழூர்ப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பஞ்சு, ஸ்பிரிட், கண்ணாடிக் குழாய்கள் எல்லாவற்றையும் அழகாக அடுக்கி வைத்துக்கொண்டு கோவிந்தப்பன் காத்திருந்தான். காலையிலிருந்து வந்தது ஒரு வெள்ளாடு மட்டும்தான். அதுவும் பஞ்சைத் தின்ன வந்தது.

“இன்னும் யாரும் வரலியா?” என்றார் நர்ஸ் சரோஜம்மாள், கன்னட வாரப் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல்.

“வருவாங்க சிஸ்டர். காட்டு வேலைக்குப் போயிருப்பாங்க.”

யாரும் எங்கும் போகவில்லை. எதிர்வரிசை வீடுகளின் கதவிடுக்குகளில் கண்கள் தெரிந்தன.

பெங்களூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்று டைபாய்டு காய்ச்சலுக்கு ஒரு புதிய தடுப்பூசியைச் சோதித்துப் பார்க்க, சூளகிரிப் பக்கம் இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்திருந்தது. மேட்டில் நிலக்காரர்களின் மேலூர். பள்ளத்தில் கீழூர். தலைமுறை தலைமுறையாக மேலூர் நிலத்தில் கூலி வேலை பார்த்த கீழூர்க்காரர்கள், இப்போதுதான் பிள்ளைகளை ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். போன மாதம் ஊசி போட்டபோது இரண்டு ஊரும் முகம் சுளிக்காமல் கையை நீட்டின. ஊசி என்றால் உள்ளே ஏதோ வருகிறது. இப்போது கேட்பதோ, உள்ளே இருப்பதை வெளியே.

“ரத்தம் இல்லேன்னா ஆராய்ச்சி இல்ல. ஆராய்ச்சி இல்லேன்னா உங்களுக்கு வேலையும் இல்ல” என்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் முனிவேல் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தற்காலிக உதவியாளனான கோவிந்தப்பனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகவில்லை. கிருஷ்ணகிரியில் அவன் மாமனார், மாப்பிள்ளை ஏறக்குறைய டாக்டர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அவன் எழுந்து நேராக மாரம்மாவின் வீட்டுக்குப் போனான். கீழூரில் அவள் சரி என்றால் ஊரே சரி என்னும்.

மாரம்மா முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஒரு துளி ரத்தம்...”

“ஊசி நீங்களாத்தானே வந்து போட்டீங்க?”

“ஆமாங்க.”

“நாங்க கேட்டமா?”

“இல்லீங்க.”

“கல்யாணத்துக்குக் கொடம் வாங்கிக் குடுத்துட்டு, மறுமாசம் வந்து தண்ணியோட திருப்பிக் கேப்பாங்களா யாராச்சும்?”

பின்னால் சிரிப்புக் கேட்டது. கதவிடுக்கில் இருந்த கண்கள் எல்லாம் இப்போது ஆட்களாக வந்து நின்றிருந்தன.

“எங்க ரத்தத்த பெங்களூர்ல பணக்காரங்களுக்கு ஏத்தறாங்கன்னு பஸ்ல பேசிகினாங்க” என்றது ஒரு குரல்.

“யாருக்கும் ஏத்த மாட்டாங்க!” கோவிந்தப்பன் குரலை உயர்த்தினான். “ஊசி போட்டா ஒடம்புக்குள்ள சிப்பாய்ங்க உருவாவாங்க. டைபாய்டு கிருமி வந்தா அடிச்சுத் தொரத்தறது அவங்கதான். எத்தன சிப்பாய்ங்க இருக்காங்கன்னு ரத்தத்தப் பாத்தாத்தான் தெரியும். அதுக்குத்தான் கேக்கறோம்.”

விளக்கம் அவனுக்கே பிடித்துவிட்டது. டாக்டர்கூட இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.

மாரம்மாவின் மகன் ஆஞ்சப்பன் அப்போதுதான் ஷிப்டு முடிந்து, நீலச் சட்டையோடு வந்து நின்றான்.

“அப்போ சிப்பாய்ங்க எங்க ஊர்ல சாஸ்தியா, மேலூர்ல சாஸ்தியா?”

“ரத்தம் குடுத்தாத்தானே தெரியும்?” என்றான் கோவிந்தப்பன்.

மாரம்மா முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“எங்க குடுக்கணும்?” என்றாள்.

கோவிந்தப்பன் மொபெட்டில் மேலூர் போய்ச் சேர்வதற்குள் செய்தி அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. ஊர்த்தலைவர் சென்னகிருஷ்ணன் வாசலிலேயே நின்றார்.

“ஏப்பா, கீழூர்க்காரனுங்க எங்க ரத்தத்தோட மோதறாங்களாமே?”

“மோதல் எல்லாம் இல்லீங்க தலைவரே. இது ஆராய்ச்சி.”

“நாங்க பாலும் நெய்யும் சாப்பிட்டு வளந்தவங்க. கபடியில அவனுங்களை ஒரு வருசமாச்சும் ஜெயிக்க விட்டிருக்கமா? நாளைக்கே வா. மொதல்ல என் கையிலதான் எடுக்கணும்.”

மறுநாள் முதலில் அவர் கையில்தான் எடுத்தார்கள். சரோஜம்மாள் ஊசியை வெளியே எடுத்த பிறகும் அவர் கண்ணைத் திறக்காமல் “வெங்கட்ரமணா, வெங்கட்ரமணா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு வந்தவர்களைப் பார்த்துத்தான் கோவிந்தப்பனுக்குச் சந்தேகம் தட்டியது. எல்லாரும் கபடிக் குழு ஆட்கள். தொடையைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். வயதானவர்கள், ஒல்லியானவர்கள், இருமுகிறவர்கள் ஒருவரையும் காணோம்.

“மத்தவங்க எங்க தலைவரே?”

“அவங்க என்னாத்துக்கு? போட்டிக்கு நல்ல ஆளைத்தானே எறக்குவாங்க?”

கீழூரிலும் அதே கதை. மாரம்மா தெரு முனையில் நின்று ஆள் பொறுக்கி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஊசியே போட்டுக்கொள்ளாத ஒரு மாப்பிள்ளையை, பயில்வான் என்பதற்காக சாமல்பள்ளத்திலிருந்து வரவழைத்திருந்தாள்.

டாக்டருக்கு வேண்டியது ஊசி போட்டுக்கொண்ட எல்லாருடைய ரத்தமும். கோவிந்தப்பன் யோசித்தான். யோசித்ததை இரண்டு ஊரிலும் அறிவித்தும் விட்டான்.

“தனி ஆளுக்கு மார்க்கு கெடையாது! ஊர்ல ஊசி போட்ட அத்தன பேரோட சிப்பாயையும் கூட்டி, சமமாப் பங்கு போட்டு, அதுதான் ஊருக்கு மார்க்கு. ஒருத்தர் வரலேன்னாலும் அவருக்கு முட்டை!”

இரண்டு ஊரிலும் கூட்டம் பொங்கியது. அதுவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்காத நோஞ்சான்களுக்கு ராஜ உபசாரம் தொடங்கியது. மேலூரில் எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று பேர் வாங்கிய எல்லப்பனுக்கு வேளைக்கு வேளை முட்டையும் பாலும் வந்தன. கீழூரில் கொள்ளுச்சாறு அண்டா அண்டாவாகக் கொதித்தது. குடித்தவர்கள் எல்லாம் ரத்தம் கொடுக்கும்போதே ஏப்பம் விட்டார்கள்.

எல்லாருடைய ரத்தமும் வந்து சேர்ந்தது. கோவிந்தப்பன் பெருமூச்சு விட்டான். வெள்ளிக்கிழமை ரத்தக் குழாய்களை எடுத்துப்போக டாக்டர் முனிவேல் ஜீப்பில் வந்தபோது ஐஸ் பெட்டியைச் சுற்றித் தடிகளோடு ஒரு பெரிய காவல் நின்றது.

“யார் இவங்கல்லாம்?”

“பெட்டிய மேலூர்க்காரங்க மாத்திருவாங்கன்னு கீழூர்க்காரங்க காவல் சார். கீழூர்க்காரங்களை நம்ப முடியாதுன்னு மேலூர்க்காரங்களும் காவல்.”

“எதுக்கு மாத்தணும்?”

கோவிந்தப்பன் சொன்னான். கேட்ட டாக்டருக்கு முதலில் முகம் மலர்ந்தது. “ஒருத்தர்கூட விடாம எல்லாரும் குடுத்துட்டாங்களா? எந்த ஆராய்ச்சியிலயும் இப்படி நடந்ததில்ல!” பிறகு முகம் சுருங்கியது. “போட்டியா? இது விஞ்ஞானம்யா! எந்த ஊர் முடிவையும் நான் வெளியில சொல்ல மாட்டேன்.”

அவர் ஜீப்பில் ஏறினார். ஜீப் நகரவில்லை. முன்னால் சென்னகிருஷ்ணனின் டிராக்டர் நின்றது. பின்னால் மாரம்மா நின்றாள்.

“பந்தயம் வெச்சாச்சு டாக்டரே” என்றார் சென்னகிருஷ்ணன். “நாங்க தோத்தா, கீழூர் மொத்தத்துக்கும் எங்க கையால இலை போட்டுப் பரிமாறறோம். அவனுங்க தோத்தா, பேக்டரிக்கு லீவு போட்டுட்டு பசங்க அத்தன பேரும் எங்க ராகியை அறுத்துக் குடுக்கணும்.”

“நீங்க சொல்லாமப் போனா” என்றாள் மாரம்மா பின்னாலிருந்து, “அடுத்த தபா ஊசிய நீங்களே போட்டுகினு, ரத்தத்த நீங்களே எடுத்துக்கோங்கோ.”

டாக்டர் பெங்களூர்க் கன்னடத்தில் ஏதோ முனகினார். அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் கன்னடம் புரியும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் டிராக்டர் விலகியது.

கோவிந்தப்பனுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. மேலூர் தோற்றால் சென்னகிருஷ்ணன் அவனை ஊருக்குள் விட மாட்டார். கீழூர் தோற்றால் அதைவிட மோசம். ஆஞ்சப்பன் மாதிரிப் பையன்கள் எவ்வளவோ பாடுபட்டுப் பிடித்த வேலையை அறுவடை முடியும்வரை விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அந்த மெஷினில் வேறு ஒருவன் நிற்பான். அழகாகச் சொல்வதாக நினைத்து உளறிய ஒரு வார்த்தை, அவர்கள் பிழைப்பில் மண் போட்டுவிடும்.

“என்னா, பேயடிச்ச மாதிரி இருக்கீங்க?” என்றாள் மனைவி ருக்மணி.

“சிப்பாய்ங்க” என்றான் அவன்.

“ஆ?”

“ஒண்ணும் இல்ல. சாமிக்கு வேண்டிக்கோ.”

“எந்த ஊருக்காக?”

அவன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

முடிவு சொல்லும் நாளில் இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த மைதானத்தில் ஈ நுழைய இடமில்லை. மேலூர்க்காரர்கள் ஜெயித்துவிட்டது போன்ற தைரியத்தோடு மாலையே வாங்கி வந்திருந்தார்கள். கீழூர்க்காரர்கள் தம்பட்டைகளைத் தீயில் காய்ச்சி வைத்திருந்தார்கள், ஆனால் யாரும் அடிக்கவில்லை. ஆஞ்சப்பனும் அவன் கூட்டாளிகளும் நீலச் சட்டையோடு ஒதுங்கி நின்றார்கள். அவர்கள் முகங்களைக் கோவிந்தப்பன் பார்க்கவே இல்லை.

டாக்டர் முனிவேல் ஜீப்பின் மேல் ஏறினார்.

“நோய் எதிர்ப்புச் சக்தி என்பது...”

“எந்த ஊரு?” என்றது கூட்டம்.

“அதாவது, நம் உடம்பில்...”

“எந்த ஊரு?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் அடக்க முடியாமல் கசிந்தது.

“ரெண்டு ஊர்லயும் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஊர் மத்ததைவிட ரொம்ப, ரொம்ப மேல. கீழூர்!”

தம்பட்டைகள் ஒரே நேரத்தில் வெடித்தன. ஆஞ்சப்பன் தன் அம்மாவை அப்படியே தூக்கிவிட்டான். அவள் அவன் தலையில் குட்டிக்கொண்டே அழுதாள். யாரோ கோவிந்தப்பனைத் தோளில் ஏற்றினார்கள். தன் மாமனார் இதைப் பார்க்கவில்லையே என்று அந்த ஆட்டத்திலும் அவனுக்குத் தோன்றியது.

சென்னகிருஷ்ணன் அசையாமல் நின்றார். கையில் இருந்த மாலையைப் பார்த்தார். கூட்டம் மெல்ல அடங்கியது. அவர் நடந்து வந்து, மாலையை மாரம்மாவின் கையில் கொடுத்தார்.

“வாக்குன்னா வாக்குதான்” என்றார். பிறகு தன் ஊர்ப் பக்கம் திரும்பினார். “என்னாப்பா பாத்துகினு நிக்கறீங்க? அடுப்பைப் பத்த வைங்க!”

அன்று மத்தியானம் அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திராத காட்சி நடந்தது. கீழூர்க்காரர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். மேலூர்க்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களி உருண்டையும் கோழிக் குழம்பும் பரிமாறினார்கள். முதலில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இலையைப் பார்த்தே பரிமாறினார்கள். இலையைப் பார்த்தே சாப்பிட்டார்கள்.

“தலைவரே” என்றாள் மாரம்மா, ஊருக்கே கேட்கும்படி. “குழம்பு இந்தப் பக்கமும் கொஞ்சம் வரட்டும்!”

சென்னகிருஷ்ணன் வாளியோடு ஓடி வந்தார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் யாரும் இலையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்கள்.

ஆஞ்சப்பனின் இலைக்கு முன்னால் சென்னகிருஷ்ணன் குனிந்தார்.

“டேய், உண்மையச் சொல்லு. அப்பிடி என்னாத்த தின்னு வளத்தீங்க அந்த ரத்தத்த?”

“தின்னது என்னா தலைவரே, உங்களுக்குத் தெரியாததா? குடிச்சது வேணா உங்க வயலைத் தாண்டி வர்ற வாய்க்காத் தண்ணி. அதக் குடிச்சுட்டு வருசத்துக்கு ஒரு தபா காய்ச்ச வந்து படுப்போம், எந்திரிப்போம். அவ்ளோதான்.”

சென்னகிருஷ்ணன் வாளியைக் கீழே வைத்தார். “மேலூர் போர்வெல்லருந்து உங்க தெருவுக்கு ஒரு பைப்பு இழுத்துறலாம்டா” என்றார். “அடுத்த வருசம் இந்தப் பந்தயத்துல நாங்களும் ஜெயிக்கணும்ல?”

ஜீப்பின் அருகே டாக்டர் முனிவேல் கோழிக் குழம்பை மறந்துவிட்டு நடந்துகொண்டிருந்தார். கோவிந்தப்பனின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“கோவிந்தப்பா, உங்க வேலை நிரந்தரம். என் பொறுப்பு. நம்ம மருந்து என்னமா வேலை செஞ்சிருக்கு பாத்தீங்களா? உலகமே திரும்பிப் பாக்கப் போகுது!” பிறகு, இலை மடித்து எழுந்து வந்த நர்ஸைப் பார்த்தார். “சரோஜம்மா, எந்த ஊருக்கு என்ன போட்டோம்னு முடிவு வர்ற வரைக்கும் என்கிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன் இல்லையா? இனிமே தாராளமா வாயைத் தொறக்கலாம்.”

சரோஜம்மாள் கையைத் துடைத்துக்கொண்டார்.

“மருந்து போட்டது மேலூருக்கு சார். ஒப்பிட்டுப் பாக்கறதுக்காகக் கீழூருக்கு நான் போட்டதெல்லாம் வெறும் உப்புத் தண்ணி.”